லைட்டர் கேட்டது யார்?

ஜூன் 4

என் கணக்குப்பிள்ளைக்கு,

நான் நலம். உன் நலத்தை அண்ணி போனில் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிவிட்டது. போனில் பேசினால் உனக்குக் கேட்காது. செல்லில் இரண்டு வரி தட்டிவிட்டு முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் காகிதம் வாங்கினேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

வெடித்ததில் விரிசல் விட்ட குளியலறைச் சுவரைப் பூசியாகிவிட்டது. பேட்டரியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். கண்ணாடி ஜாடி, எவர்சில்வர் கரண்டிகள், ரப்பர் குழாய் எல்லாம் குப்பைக்குப் போயின. நீ குறிப்பு எழுதிய நோட்டை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை. தண்ணீரில் உப்பைப் போட்டு மின்சாரம் விட்ட முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினோமே, அதைக்கூட ‘நெடி தாங்கவில்லை, நாளை முதல் சமையல் சோடா’ என்று எழுதி வைத்திருக்கிறாய். “தண்ணியிலேர்ந்து ஹைட்ரஜன் எடுத்து அடுப்பு எரிச்சுக் காட்டறேன் பாரு” என்று நான் சவடால் விட்டபோது சிரிக்காத ஒரே ஆள் நீதான்.

லிஃப்ட் ரிப்பேர் வேலை வழக்கம்போல் போகிறது. நாளெல்லாம் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கிவிட்டு வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கோபமென்றால் திட்டியாவது எழுது. எப்போது வருகிறாய்?

உன்
விஞ்ஞானி


ஜூன் 12

விஞ்ஞானி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன், கையெழுத்துக்குத்தான். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

வலது காதில் கிழிந்த ஜவ்வு சேர்ந்துவிட்டதாம். உள்ளே நரம்பு போனது போனதுதான். இடது காதில், யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் ஏதோ அசைகிற மாதிரி இருக்கிறது. கிளினிக்கில் வரவேற்பு வேலைக்கு இனி நான் ஆக மாட்டேன். இங்கே ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். ‘மெஷின் சத்தத்தில் எல்லோருக்கும் தலைவலி, உங்களுக்கு மட்டும் கவலையில்லை’ என்று முதலாளி எழுதிக் காட்டிவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தையே பார்த்தார். நான்தான் முதலில் சிரித்தேன், பாவம்.

கோபமா என்று கேட்கிறீர்கள். ஆமாம், கோபம்தான். ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்த அன்று டாக்டரின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சீட்டில் எழுதிக் காட்டினார்: ‘கணவர் வேண்டாம் என்று சொல்லியும் நீங்களே பற்றவைத்தீர்களாமே?’ காது போன பிறகு நான் படித்த முதல் வரி அது. அண்ணனும் பக்கத்தில் நின்று அதைப் படித்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

குளியலறையிலிருந்து “லைட்டர் கொண்டா, சீக்கிரம்” என்று கூப்பிட்டது யார்? “என் கையில ஒயர் இருக்கு, குழாய் முனையில நீயே காட்டு” என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே போய் நின்றது யார்? அதுவரை ஹைட்ரஜன் ஒரு குழாயில், ஆக்ஸிஜன் ஒரு குழாயில் என்று ஒழுங்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். தீ இன்னும் நன்றாக எரியும் என்று இரண்டையும் ஒரே கேனில் சேர்த்தது நீங்கள். “சேர்த்தா ஆபத்தில்லையா?” என்று கேட்டேன். “ரெண்டும் சேர்ந்ததுதானேடி தண்ணி, தண்ணி வெடிக்குமா?” என்றீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நானும் பொறுப்பு.

இங்கே எல்லோருக்கும் நான், புருஷன் சொன்ன பேச்சைக் கேட்காமல் கெட்டவள். நான் அடுப்படிக்குள் நுழைந்தால் அண்ணி தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார். அண்ணனிடம் நடந்ததைச் சொல்லுங்கள். நான் வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள்
கணக்குப்பிள்ளை


ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். மறுக்க ஒன்றுமில்லை.

டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது உன் அண்ணன் என்னை முறைத்துக்கொண்டு நின்றார். வாயில் வந்தது அதுதான். மறுநாள் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார், அவரிடமும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அதுவே நடந்தது போல் ஆகிவிட்டது. சில சமயம், நான் வேண்டாம் என்று சொன்னேனோ என்று எனக்கே தோன்றுகிறது. என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

மச்சானுக்கு எல்லாவற்றையும் எழுதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். அவர் கோபக்காரர், உனக்குத் தெரியும். நேரம் பார்த்து நீயே அவரிடம் கொடுத்துவிடேன். கொடுக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினாலும் சரி.

உன்
விஞ்ஞானி


ஜூன் 27

உங்களுக்கு,

அண்ணனுக்கு எழுதியதை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். மடிப்பைப் பிரிக்கவில்லை. அண்ணன் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், பத்தடி தூரம். ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு போக என்னால் ஆகாது. லைட்டரையும் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். இதையும் நானேவா?

வேண்டாம் என்று எனக்குத் தோன்றினாலும் சரி என்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

இப்படிக்கு,
நான்


ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாக அண்ணி எழுதிக் காட்டினார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? இளைத்துத்தான் போயிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வந்து கூடத்தில் அண்ணன் எதிரே உட்கார்ந்து பேசியதை நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் உங்கள் வாய் அசைந்தது. அண்ணன் எழுந்து கையை ஓங்கினார். நீங்கள் நகரவில்லை. அவரே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் போன பிறகு அண்ணன் ‘மன்னிச்சுக்கோம்மா, உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அழுதார். அதிலிருந்துதான் நீங்கள் முழுவதையும் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வருகிறாயா என்று கையைக் காட்டிக் கேட்டீர்கள். நான் இல்லையென்று தலையசைத்தேன். மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பீர்கள். அப்படியில்லை. அண்ணன் கையை ஓங்கியபோது நகராமல் உட்கார்ந்திருந்தீர்களே, அப்போதே மன்னித்துவிட்டேன். உங்கள் மேல் ஆசையும் குறையவில்லை.

ஆனால் வர மாட்டேன். காது கேட்காதவளுக்கு, பக்கத்தில் இருக்கிறவர் எழுதிக் காட்டுவதுதான் நடந்த உண்மை. வாசலில் வந்தவர் யார், போனில் என்ன சொன்னார்கள், டாக்டர் என்ன சொல்கிறார் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒருவரைத்தான் கேட்க வேண்டும். இனி என் ஆயுசுக்கும் அப்படித்தான். மூன்று நாளாக அந்த ஒருவரின் இடத்தில் உங்களை வைத்து யோசித்துப் பார்க்கிறேன். நீங்கள் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு சீட்டையும், இது நிஜமா என்று இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அதை நீங்களும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எழுதுங்கள், பதில் போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நான்