ராசமணியின் அடிக்குறிப்பு

14 மார்ச் 1933, செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ்.

ஆசிரியர் பயிற்சி வகுப்பில் இன்று ராசமணியின் கட்டுரையைத்தான் எல்லோருக்கும் காட்டினார்கள். அவள் அப்பா அரசாங்க குமாஸ்தா. வீட்டிலேயே டைப்ரைட்டர் இருக்கிறது. எங்கள் ரயில்வே குடியிருப்பின் முதல் பட்டதாரி நான், கையால்தான் எழுதினேன். அவள் ஓரம் விட்டிருந்த அழகைப் பார்த்து வயிறு எரிந்தது.

"உம்மட குறிப்பேடு இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன், பிள்ளை?" என்று சிரித்தாள்.

"அதனால என்ன" என்றேன்.

நாங்கள் மேற்கோள் காட்டிய புத்தகத்துக்கு அவள் அடிக்குறிப்பில் பக்கம் 112 என்றிருந்தது. அது என் குறிப்பேட்டில் நான் செய்த பிழை. சரியான பக்கம் 121. என் கட்டுரையில் திருத்திக்கொண்டேன்; அவளிடம் சொல்லவில்லை. அவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

அவள் கட்டுரை நாளை ஆண்டு மலருக்காக அச்சுக்குப் போகிறது. "ஒருக்கா சரிபார்த்துத் தாரும்" என்று பிரதியை என்னிடமே கொடுத்திருக்கிறாள். மூன்று முறை வாசித்து, இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தினேன். 112ஐத் தொடவில்லை.