எலிக்குச் செய்ற மருந்து

ஞாயிறு. விடிஞ்சதுல இருந்து மழை.

அதைத்தான் கேக்குறேன் முருகா, குடிக்கிற மருந்து தலைக்குப் போகலைன்னா வேற எங்கதான் போகுது? தம்பி செல்வத்துக்கு மூளையில கட்டி. நல்ல மருந்து இருக்காம், உள்ள நுழையாதாம். டொக்டர் கைய விரிச்சிட்டாரு.

தம்பி மக மாலினிதான் விளங்கப்படுத்துனா. கெம்பஸ்ல ஆராய்ச்சி பண்றா, அவளுக்கு இதே வேலை. மூளைக்குப் போற ரத்தக்குழாய் கண்டதையும் உள்ள விடாதாம். இரும்புச்சத்து மாதிரி வேண்டியதுக்கு மட்டும் கதவு. அந்தக் கதவு ஏத்துக்கிற மாதிரி பொடிசா ஒரு சங்கிலி கோக்குறாங்க. பெப்டைட்டுன்னு பேரு. அதுல மருந்தக் கட்டி அனுப்புறது.

"தொரை பங்களாவுக்குள்ள பால்காரன மட்டும் விடுவாங்களே. அவன் வாளியில போட்டு அனுப்புற மாதிரியா?"

"அதேதான் அத்தை. ஆனா இது எலிக்கு. மனுசருக்கு வர வருசக்கணக்காகும்."

தம்பிக்கு ஏது வருசம்.

வாங்கணும்: கற்பூரம், திரி, தம்பிக்கு இடுப்புல கட்ட சாரம் ஒண்ணு.

திங்கள், தீவாளி. மழை விட்டுருச்சு.

கட்டுகஸ்தோட்டை பாலத்துல பஸ் நகரவே இல்ல. ஆஸ்பத்திரியில பாக்குற நேரம் பாதி போச்சு. தம்பிக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துருக்கு. ஊட்டுற கஞ்சி ஒழுகுது. பேச்சு மட்டும் குறையல.

"எலிக்கெல்லாம் மருந்து செய்றா என் மக. அப்பனுக்குக் கஞ்சி."

மாலினி சிரிக்கல. பொறவு அவ கையப் புடிச்சிக்கிட்டான். "புதன்கிழமை தானே எலிக்கு ஊசி? உள்ள போச்சா இல்லையான்னு வந்து சொல்லு புள்ள. அதக் கேட்டுட்டுப் போறேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அந்தியில மாலினி சின்னப் பெட்டியோட வீட்டுக்கு வந்தா. கெம்பஸ் பிரிஜ் பழுது, அவ போர்டிங்ல பிரிஜ்ஜே இல்ல. "கரைச்ச மருந்து அத்தை, சூடு பட்டா கெட்டுரும். புதன் காலையில எடுத்துக்குறேன்." இவ்வளவு செய்யவே மாசக்கணக்காச்சாம். எங்க பிரிஜ் மேல் தட்டுல வச்சிட்டுப் போனா.

செவ்வாய். நல்ல வெயில்.

நாளைக்கு சஷ்டி விரதம் தொடக்கம். தம்பிக்காக ஆறு நாளும் பச்சத்தண்ணியோட இருக்கப் போறேன். வீடு கழுவியாச்சு. பிரிஜ்ல தீவாளி இறைச்சி வாடை. பிளக்கக் கழட்டி, எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு மஞ்சத்தண்ணியால துடைச்சேன். இடுப்பு விட்டுப்போச்சு.

துடைச்சிக்கிட்டு இருக்கவே போன். தம்பிக்கு வலிப்பு. கட்டுன சீலையோட ஓடினேன்.

புதன். தூறல். ஆஸ்பத்திரி வாட்டு வாசல் பெஞ்சுல இருந்து எழுதுறேன்.

காலையில கண்ண முழிச்சான். ஒரு கண்ணுதான் தெறந்துச்சு.

"அக்கா, இன்னைக்குப் புதனா?"

"புதன்தான்டா."

மாலினி எங்கிட்ட வீட்டுச் சாவிய வாங்கிக்கிட்டா. "பெட்டிய எடுத்துட்டு நேரா கெம்பஸ் போறேன். சாயங்காலம் தெரிஞ்சிரும். அதுவரைக்கும் அப்பாகிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க அத்தை."

திருநூறு பூசி விட்டேன். "கதவு தொறக்குமாக்கா?"ன்னான். "முருகன் தொறப்பான்டா"ன்னேன். சிரிக்கப் பாத்தான், எச்சி வழிஞ்சிச்சு. துடைச்சேன். இப்ப நர்ஸ் மிஸ் வந்து அவனுக்கு மேல் கழுவுறாங்க, என்னை வெளிய அனுப்பிட்டாங்க.

மாலினி இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துருப்பா.

பிரிஜ் பிளக்க நான் திருப்பிப் போடல. அந்தப் பெட்டிய, இறைச்சிக்குப் பக்கத்துல இருக்க வேணாமேன்னு சாமித்தட்டுல வச்சேன், விளக்குக்கிட்ட. நேத்துல இருந்து அங்கதான் இருக்கு.