மாசியா, ஆவணியா

ஐப்பசி 4, செவ்வாய். தூறல்.

கோணல் எழுத்துதான், பொறுத்துக்கொள் நோட்டே. முதியோர் வகுப்பில் சேர்ந்து நாலு மாதம். ஒரு வரி எழுத ஒரு பீடி நேரம். ஆனாலும் அறுபத்தெட்டு வயதில் என் கை எழுதுகிறதே!

யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்கிற மகன் செல்வத்தோடு தேனி ஆஸ்பத்திரி. ரத்தம், தலை ஸ்கேன், கஞ்சா உண்டா என்ற கேள்வி. எதிலும் ஒன்றுமில்லை. டாக்டரம்மா: "ஸ்கேன்ல இந்த நோய் தெரியாது ஐயா. நீங்க சொல்றதுதான் டெஸ்ட்டு. எப்பருந்து?"

ஆவணி என்றேன்.

"ரெண்டு மாசம். ஆறு மாசம் தாண்டினாத்தான் மனச்சிதைவுன்னு எழுதுவோம். இப்போதைக்குச் சீட்டுல வேற பேரு. அவர் பேசுறத எழுதிட்டு வாங்க."

எழுதத் தெரியும் என்றேன். சத்தமாக.

6, வியாழன். வெயில்.

திராட்சைக்கு மருந்தடிப்பு. செல்வம் பாதியில் ஓடிவந்தான். "பந்தலுக்குள்ள ரெண்டு பேரு என்னையப் பத்தியே பேசுறாக. இப்பக் குனியுறான், இப்ப நிமுருறான்னு. உனக்குக் கேக்கலையாப்பா?"

எழுதும்போதுதான் உறைத்தது. மாசிச் சிவராத்திரிக்கே இதைச் சொன்னான், குலதெய்வக் கோயிலில். எனக்குப் பிறகு அவன்தான் சாமியாடி என்று மாலை போட்டோம். சாமி என்பதால் நோயில் சேர்க்கவில்லை.

மாசியிலிருந்து எட்டு மாதம்.

7, வெள்ளி.

என் மேல் வரும் சாமி உடுக்கை அடித்தால் வரும், திருநீறு பூசினால் இறங்கும். இவனுக்கு இறங்கவே இல்லை.

மனைவி பேச்சியிடம் சொன்னேன்.

"மாசின்னு சொல்லிப்புடாதீக. அந்தப் பேரு ஒட்டிக்கிட்டா எம்புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"தப்பாச் சொன்னா வைத்தியமும் தப்பாப் போகுமே, பேச்சி."

"சாமிய நோயின்னா, அப்ப நீங்களும் நோயாளிதானாக்கும்?"

 

11, செவ்வாய். மழை. பஸ் தாமதம்.

'ஆவணி'யை அடித்து 'மாசி' எழுதி நோட்டை நீட்டினேன். டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார்.

"மாலை போட்டீங்களா?"

"நாந்தேம்மா போட்டேன்."

"திருநீறு பூசினதும் பேச்சு நின்னுச்சா?"

"நிக்கலம்மா. வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தான்."

திட்டவில்லை. சீட்டில் பழைய பேரை அடித்தார். தமிழில் எழுதச் சொன்னேன். நோட்டில் எழுதினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மனச்சிதைவு.

செல்வம் என்னையே பார்த்தான். "அப்ப அது சாமி இல்லையாப்பா?"

"இல்லப்பா."

"அப்ப அந்த ரெண்டு பேரு சொல்றதையெல்லாம் நான் செய்ய வேணாமா?"

"வேணாம்ப்பா. ஒண்ணும் செய்ய வேணாம்."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினான். எத்தனை மாதம் கழித்து!

வீட்டு வாசலில் பேச்சி. "என்ன எழுதியிருக்காக? படிங்க." அவளுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.  வாசலிலேயே உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி அந்தப் பேரை மறைக்காமல் படித்தேன்.