கொல்லையில் பினாங்கு மிளகாய்

ஆடி 4, 1972

மகள் நீலாம்பாள் வந்து இன்றோடு இருபது நாள். மருமகன் வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போய்விட்டான். ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் கொண்டுவந்தாள். வீடு ஒரே கூடம். அடுப்பு போக மூன்று பேர் படுக்க முடியாது. நான் வாசற்படியில் தலையை உள்ளே வைத்து, காலை வெளியே நீட்டினேன். மழை பெய்தால் மடக்கிக்கொள்வேன்.

"தலை எனக்கு, கால் பண்ணைக்கு" என்றேன். மனை பண்ணைக்குச் சொந்தம்தானே.

ராசம்மா சிரிக்கவில்லை. "தலயும் பண்ணைக்குத்தான், அதுல ஒண்ணும் இல்லாததால விட்டு வச்சிருக்காங்க" என்றாள். நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியவள் அல்லவா.

ஆடி 6

விவசாயச் சங்கத்து வீரையன் வந்தான். இந்த டைரி அவன் கொடுத்ததுதான். போன வருஷத்தது. அச்சடித்த கிழமை ஒன்றும் ஒத்துவரவில்லை, அடித்துவிட்டு எழுதுகிறேன்.

சட்டம் வந்திருக்கிறதாம். பண்ணை மனையில் குடியிருக்கிறவர்களுக்கு அந்த மனை சொந்தம். வீடு மட்டும் இல்லை, அதை ஒட்டி நாம் புழங்குகிற இடமும் சேரும். "ஒங்க கொல்லைல கருவமுள்ளுதான் மொளச்சிருக்கு பெரியப்பா. எதையாவது போட்டு வைங்க. ஆபீசர் வந்து பாத்தா, புழங்குற எடம்னு தெரியணும்" என்றான்.

கொல்லை நாலு குழி நிலம். நீலாவுக்கு ஒரு குடிசை போட்டால் மீதி இடத்தில் ஆடு கட்டலாம். பேசிக்கொண்டிருந்தபோது அவள் அடுப்புக்கிட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கொல்லைக்குப் போய் காலடியால் அளந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆடி 8

மனுவில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தெருவில் மற்றவர்கள் எல்லாம் கைநாட்டு. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். 'மருதையன்' என்று போட்டு, கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் இழுத்து மேலே கொண்டுபோய்ச் சுழிப்பேன். வீரையன், "இது கையெழுத்தா, மாட்டு வாலா?" என்றான். "மாட்டு வாலுன்னா ஈ ஓட்டும். இது ஆபீசரயே ஓட்டும்" என்றேன்.

ஆடி 10

ஜெகபர் அலி பாய் பினாங்கிலிருந்து வந்திருக்கிறார் என்று பார்க்கப் போனேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குளத்தில் மீன் திருடியவர்கள். காய்ந்த மிளகாய் ஒரு கைப்பிடி கொடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான்.

"இதுவா மொளகா? எலிப்புழுக்க மாதிரி இருக்கு பாய்."

"ஒண்ணு கடி. அப்பறம் எலி யாருன்னு தெரியும்."

கடித்தேன். பாய் சம்சாரம் ஹபீபுன்னிசா சர்க்கரையை அள்ளி வாயில் போடும்வரை நான் இந்த உலகத்தில் இல்லை. "இந்த வயசுல ரெண்டு பேருக்கும் வெளயாட்டப் பாரு. அண்ணே, தண்ணி குடிக்காதீங்க, இன்னும் எரியும்" என்றாள். பாய் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். கொல்லையில் என்ன போடுவது என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

ஆடி 11

விதையை உதிர்த்துச் சாம்பலில் புரட்டினேன். நாலு மிளகாயில் அறுபத்துநான்கு விதை. உடைந்த சால் பானையில் மணலும் மக்கிய எருவும் கலந்து தூவி, மேலே வைக்கோல் போட்டேன். தண்ணீரை ஊற்றக்கூடாது, வைக்கோலை நனைத்து உதற வேண்டும். கண்ணைக் கசக்கிவிட்டேன். அரைநாள் குருடன்.

ஆடி 20

ஒன்றும் முளைக்கவில்லை. தாசில்தார் மாதிரி, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. ராசம்மா, "அறுவத்துநாலும் ஒன்னயப் பாத்து பயந்து உள்ளயே இருக்கு" என்றாள்.

ஆடி 23

ஒன்பது முளைத்திருக்கிறது. பாதியை எறும்பு கொண்டுபோயிருக்கும். எறும்புப் புற்றில் இன்று சண்டை நடக்கும்.

ஆவணி 2

பதினேழு. போதும்.

ஆவணி 15

நாற்று தலை சாய்ந்து சாய்ந்து விழுகிறது. அடித்தண்டு நூல் மாதிரி கருத்துப்போகிறது. தண்ணீர் அதிகம். யார் ஊற்றியது? நீலா. அவளை ஒன்றும் சொல்லவில்லை. தினம் நாலு தடவை பானைக்கிட்ட போய் உட்காருகிறாள். அதற்காவது எழுந்திருக்கிறாளே. ஏழு செத்துவிட்டது.

ஆவணி 30

கருவமுள்ளை வெட்டி, பாத்தியை மேடு கட்டிப் பத்து நாற்றையும் நட்டோம். நீலா குழி பறித்தாள். நடுவில் ஒரு இடத்தை விட்டுவிட்டு நட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"இங்கதான் நடுக்கால் வரும்."

குடிசைக்கு நடுக்கால். அவள் வந்ததிலிருந்து என்னிடம் சேர்ந்தாற்போல் மூன்று சொல் பேசியது இதுதான்.

புரட்டாசி 19

இலை சுருட்டிக்கொள்கிறது. புளித்த மோர் தெளித்தேன். ராசம்மா திட்டினாள், குடிக்கிற மோரைச் செடிக்கு ஊற்றுகிறேன் என்று. இரண்டு செடி பிழைக்காது.

ஐப்பசி 27

நாலு நாளாக மழை. வாசலில் படுக்க முடியாது, அடுப்பு ஓரம் மடங்கிக் கிடக்கிறேன். கிழக்கே ஆட்களைக் குடிசைக்குள் அடைத்துக் கொளுத்திய வருஷத்திலிருந்து நீலா கதவைச் சாத்தினால் தூங்க மாட்டாள். திறந்து வைத்தால் சாரல். மூன்று பேரும் நனைந்து உட்கார்ந்திருந்தோம். "கப்பல் ஏறாமலே பினாங்கு போறம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கொல்லையில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினேன். எட்டுச் செடி.

கார்த்திகை 11

பூ.

மார்கழி 24

காய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நம் ஊர் மிளகாய் தலையைத் தொங்கப்போடும். இது மரியாதை தெரியாத மிளகாய். பழுத்துச் சிவந்து, எட்டுச் செடியும் தீக்குச்சி கொளுத்திய மாதிரி இருக்கிறது. வீரையன் பார்த்துவிட்டு, "இது போதும் பெரியப்பா. ஆபீசரு தூரத்துலேந்தே பாத்துடுவாரு" என்றான். தை பிறந்ததும் வருவார்களாம்.

மார்கழி 28

பண்ணைக் காரியஸ்தர் ரெத்தினம் தெருப்பக்கம் வந்தார். பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் தெருவிலிருந்து பூசணி, வாழை, அவரை என்று கொல்லையில் விளைந்ததைப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்போம். வேட்டி சேலை கொடுப்பார்கள். போகவேண்டாம் என்று சங்கம் சொன்னதால் மூன்று வருஷமாக யாரும் போவதில்லை.

வேலி ஓரம் நின்று கொல்லையைப் பார்த்தார். "என்னா மருதையா, மொளகாயா? எனக்கெல்லாம் எந்த மொளகாயும் ஒறைக்காது. பழய சோத்துக்கு இருவது தின்னுவேன். கொண்டாயேன், பாப்பம். ஒனக்கு ஒரு வேட்டி எடுத்து வச்சிருக்கேன்."

இருபது தின்பாராம்.

ராசம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "போவாத. சங்கம் வேணாம்னிருக்கு." நான் வேட்டிக்கா போகிறேன்?

தை 1, 1973

எழுதவே முடியவில்லை, கை சிரிக்கிறது.

ஒரு முறம் நிறைய பழம் பறித்துக்கொண்டு போனேன். ரெத்தினம் களத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். வேட்டியை நீட்டினார். ஒரு காகிதத்தை வைத்து, "வாங்குனதுக்கு ஒரு கையெழுத்து" என்றார். அதே சமயம் முறத்திலிருந்து நல்ல பழமாக ஒன்றை எடுத்துவிட்டார். வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் குனிந்தால் கண்கொள்ளாக் காட்சியைத் தவறவிடுவேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டே வால் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கடித்தார். முதலில் ஒன்றும் இல்லை. "ப்பூ" என்றார். பிறகு காது சிவந்தது. விக்கல். கண்ணில் தாரை. வாயைத் திறந்துகொண்டு கிணற்றடிக்கு ஓடினார். "தண்ணி குடிங்கய்யா, தண்ணி குடிங்க" என்று நான்தான் சொன்னேன். குடித்தார். ஐயோ.

பாயிடம் போய்ச் சொன்னேன். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். நீலாகூட, ஆமாம், நீலாகூட வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

தை 2

ராசம்மா கேட்டாள்: "காயிதத்துல என்னா எழுதியிருந்துச்சு?"

வேட்டி வாங்கினதற்கு என்றேன்.

"படிச்சியா?"

ஏன் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

மாசி 9

இன்று ஆபீசர் வந்தார். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார். கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். "செடி நல்லா வந்திருக்கு பெரியவரே" என்றார்.

ரெத்தினம் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஆபீசர் உரக்கப் படித்தார். 'பண்ணைக்குச் சொந்தமான நாலு குழி நிலத்தை இந்த வருஷம் வாரத்துக்குச் சாகுபடி செய்து, மகசூலில் பண்ணைக்குச் சேரவேண்டிய வாரத்தைச் செலுத்தினேன்.'

"இது உங்க கையெழுத்தா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ரெத்தினம் முந்திக்கொண்டார். "கைநாட்டுன்னா இல்லம்பான் சார். மனுவுல போட்டிருக்கான் பாருங்க. இந்த வாலு ஜில்லாவுல வேற எவனுக்கும் வராது."

ஆபீசர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு வாலும் ஒரே மாதிரி சுழித்துக்கொண்டு நின்றன.

"ஆமாங்க" என்றேன். "ஆனா அது வெளயாட்டுக்குக் கொண்டு போனதுங்க. அவருக்கு ஒறைக்கணும்னு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எத்தனையோ தடவை சிரிக்க வைத்த ஆட்கள்தான். ஆபீசர் சிரிக்கவில்லை. "வாரம்னு வெளச்சல்ல பங்கு கட்டுனா அது சாகுபடி நெலம். குடியிருப்புல சேராது. அதுக்கு வேற சட்டம், வேற ஆபீசு" என்று மெதுவாகச் சொன்னார்.

நீலா கொல்லையில் நடுக்கால் இடத்தில் நின்றிருந்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

மாசி 10

வீரையன் கத்தினான். கத்தட்டும். "செடி இல்லாம கருவமுள்ளோட கெடந்திருந்தாக்கூட சண்ட போட்டிருப்பேன். நீங்களே போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே பெரியப்பா." வேற ஆபீசில் குத்தகைப் பதிவுக்கு மனு போடலாமாம். கிடைத்தாலும் சாகுபடி நிலத்தில் குடிசை போடக்கூடாதாம்.

ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் குனிஞ்சு பாத்திருந்தா போதும். எழுத்துக் கூட்டியாவது படிச்சிருப்பேனே. தெருவுல படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். தெரியாதவன் எவனும் மாட்டல. என்னா படிப்பு இது — த்தூ.

மாசி 16

ராசம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டினால் தேவலை.

பங்குனி 3

உத்தரவு வந்துவிட்டது. வீடு என் பேருக்கு. சுவர் வரைக்கும், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடம் வரைக்கும். கொல்லை பண்ணைக்கு.

தெருவில் எல்லோரும் வந்து, "வூடாவது வந்துச்சே மருதையா" என்றார்கள். வாசற்படியில் படுத்துப் பார்த்தேன். தலை உள்ளே. முழங்காலுக்குக் கீழே கூரைச் சொட்டைத் தாண்டிப் போகிறது. ஆடி மாசம் கேலிக்குச் சொன்னது, இப்போது சர்க்கார் முத்திரை போட்டுச் சொல்லியிருக்கிறது.

பங்குனி 7

கருவமுள் வேலி அடைத்தார்கள். நான் வெட்டிப்போட்ட அதே முள். எட்டுச் செடியும் அந்தப் பக்கம். பறிக்க ஆள் இல்லை. மைனா வந்து தின்கிறது. அதற்கு மட்டும் உறைக்கவில்லை.

பங்குனி 12

"ஏய்யா, எதாவது கேலி பண்ணேன்" என்றாள் ராசம்மா, சோறு போடும்போது. எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

பங்குனி 20

நீலா திருவிடைமருதூர் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். நெல் காயவைக்கிற களத்து ஓரம் பெண்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறதாம். கதவு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லப்பா."

"அப்ப தூங்கிடுவே" என்றேன்.

பஸ் ஏறும்போது, "ஒன்னால இல்லப்பா" என்றாள். என்னால் இல்லாமல் யாரால்? திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முன்னாலேயே முடிவு பண்ணியவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சித்திரை 2

வீரையன் வேற ஆபீசுக்கு மனு எழுதிக் கொண்டுவந்தான். முழுதும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு தடவை. அவன் பேனாவை நீட்டினான். மைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு எதுக்குப் பெரியப்பா?"

இடது கைப் பெருவிரலை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மைப்பெட்டியைத் திறந்து மை தடவினான்.

சித்திரை 5

கூடத்தில் இப்போது இரண்டே பேர். காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறது. "இன்னமும் ஏன் மடக்கிக்கிட்டே கெடக்கிற?" என்று ராசம்மா கேட்கிறாள். நீட்டினேன். விடிந்து பார்த்தால் மடக்கித்தான் கிடக்கிறேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம்.