ஒரே இழுவையில் திறக்கும் தையல்

என் தோழிக்கு,

இன்று காலை நிலாவெளி ஹோட்டலில் இருந்து மூட்டை திரும்பி வந்தது. அவிழ்த்தவுடன் சவர்க்கார வாசமும் பொரித்த இறால் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. நாம் தைத்துக் கொடுத்த நீலச் சட்டைகள், நாற்பதும். "திரும்பி வரும், இருந்து பார்" என்று சொன்ன உனக்குத்தான் பார்க்கக் கிடைக்கவில்லை. நீ கண்ணை மூடி எட்டு மாதம்.

ஹோட்டல் கழித்த திரைச்சீலைகளில் அவர்களுடைய ஊழியர்களுக்கே சட்டை தைப்பதாகப் பேசியிருந்தோம். ஒரு நாள் கிண்ணியா பஸ்ஸில் வந்திறங்கிய நீ நம் தையலறைக்குள் வராமல் எதிர்ப் பேக்கரி வாசலிலேயே நின்றாய். பேக்கரிக்காரர் மா மூட்டையின் நுனி நூலை இழுக்க, வாய் முழுவதும் ஒரே இழுவையில் திறந்தது.

"மூட்டைத் தையலை உடுப்புக்குப் போட்டா என்ன புள்ள? சட்டை பழசானா வெட்டத் தேவையில்ல. துணி முழுசாக் கையில வரும். வேற ஒண்டு தைக்கலாம்."

உனக்குப் பைத்தியம் என்றேன். இரண்டு நாளில் எனக்கும் அதே பைத்தியம் பிடித்தது.

மாதிரிச் சட்டை கொண்டுபோன அன்று என்ன பாடு! அந்த ஓடர் கிடைக்காவிட்டால் தையலறையைப் பூட்ட வேண்டிய நிலை. மூட்டையில் நுனி நூல் தொங்கும். அதையே பார்த்துப் பழகிய நாம் சட்டையிலும் முடிச்சுப் போடாமல் விட்டிருந்தோம். போட்டுப் பார்த்த ஊழியரின் தோளில் நூல் தொங்குவதைக் கண்ட மனேஜர், நல்ல எண்ணத்தில்தான் இழுத்தார். சட்டையின் கை முழுதாக அவர் கையோடு வந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். நீ அசையவில்லை.

"ஓம் சேர், அதுக்காகத்தான் அப்படித் தைச்சது. பழசானா எங்களிட்டயே தாங்க. கிழிக்காமக் கழட்டி வேற சாமான் தைப்பம்."

மனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, புதுசா இருக்கேக்க கழராமப் பாத்துக்கொள்ளுங்க."

சாம்பல்தீவு தாண்டும் வரை பஸ்ஸில் நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். கை கழன்ற பயம் எனக்குப் போகவில்லை. நீ வீட்டுக்குப் போன பிறகு, ஒவ்வொரு சட்டையின் தோளிலும் வெள்ளை நூலால் இரண்டாவது வரி தைத்தேன், இழுத்தாலும் திறக்காதபடி. நீ ஆசைப்பட்டதையே கெடுத்தேன். அதனால் இன்று ஒரு பிளேடோடும் வெட்கத்தோடும் உட்கார்ந்தேன்.

முதல் சட்டையை உள்பக்கம் திருப்பினேன். என் வரி இல்லை. வெள்ளை நூலின் துணுக்குகள் மட்டும் அங்கங்கே ஒட்டியிருந்தன. நுனியில் கையால் போட்ட சின்ன முடிச்சு, இரண்டு சுற்று. நாற்பதிலும் அப்படியே. கள்ளி, எல்லாவற்றையும் நீ பிரித்து, முடிச்சிட்டு, என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் கொடுத்தனுப்பியிருக்கிறாய். அந்தக் கிழமை முழுவதும் "கண் நோகுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

முடிச்சை வெட்டி நூலை இழுத்தேன். கை முழுதாகக் கழன்று மடியில் விழுந்தது. அழுவேன் என்றுதான் நினைத்தேன், சிரிப்பு வந்தது. நாற்பதையும் கழற்றி முடிக்கும் வரை தனியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஓடருக்கு ஒற்றை வரிதான் தைக்கிறேன். முடிச்சைக் கையால் போடுகிறேன். ஒரு சுற்றே போதும், இழுத்துப் பார்த்துவிட்டேன். பிறகு ஏன் நீ இரண்டு போட்டாய் என்று யோசித்தபோதுதான் விளங்கியது, உனக்கும் பயம் இருந்திருக்கிறது.