கீச்சொலி

செவ்வாய், இரவு.

முப்பது வருஷத்துக்கு முன், கல்லூரி நாட்களில் நானும் முருகேசனும் போட்ட சைட்ரான்ஸ் என்ற வேகமான எலக்ட்ரானிக் நடன இசையை, அதே பழைய சத்தத்தில், கம்ப்யூட்டரில் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறோம். அடியில் அதிரும் பேஸ் ஒலி வந்துவிட்டது. மேலே ஊசிபோல் ஏறும் கீச்சொலிதான் படியவில்லை. இன்றும் முருகேசன் வாடிப்பட்டியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னும் மந்தமாத்தான் இருக்கு மாப்ள. தூக்கு."

தூக்கினேன். எனக்கும் போதவில்லை. கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே இன்னும் ஏற்றினேன்.

அடுப்படியிலிருந்து மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அந்தக் கீச்சுச் சத்தம் காதைக் கிழிக்குதுப்பா, நிறுத்துங்க!"

முருகேசன் சிரித்தான். "எது தாயி? எனக்கு ஒண்ணுமே கேக்கலயே."

திரையைப் பார்த்தேன். கீச்சொலியின் அளவைக் காட்டும் கோடு உச்சத்தில், சிவப்பில் முட்டி நின்றது. மற்ற இசையை ஓடவிட்டு, கீச்சொலியை மட்டும் அணைத்தேன். மகள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.