ஞாயிறு காலைக்கு ஆள் தேவை

அன்புள்ள ஜெபசெல்விக்கு,

கர்த்தர் கிருபையால் தாராவியில் நானும் கடையும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

போனில் கூட்டமாகச் சேர்ந்து சண்டை போடும் விளையாட்டைச் சொன்னேனே, அதில் எங்கள் அணிக்குக் கில்டு என்று பேர். அந்தக் கில்டுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கடைக்கு ஆள் எடுப்பதுபோல நம் சபையிலேயே நாணயமானவர்களாகப் பார்த்து எடுத்தேன். போட்டியோ ஞாயிறு காலை. என் ஆட்கள் அத்தனை பேரும் கோயிலில், நானும்தான். தோற்றுவிட்டோம்.

கில்டுத் தலைவன் பாபு போனில் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, கில்டுக்கு ஆள் சேக்கச் சொன்னா சபைக்குல்லா சேத்துருக்கீரு. இன்னொரு தடவ ஆள் வரலன்னா கலைச்சிருவேன், பாத்துக்கிடும்."

கலைத்தால் கடை சாத்தியபின் விளையாட்டு மைக்கில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. அதனால் இனி நான் மாலை ஆராதனைக்குப் போவேன். பக்கத்து ஆண்டாப் ஹில்லில் ஞாயிறு காலை சும்மா இருக்கும் மூன்று பேரைப் பிடித்துவிட்டேன். இன்னும் ஒரு இடம் காலி. உனக்கு அங்கே ஊரில் ஆராதனை விடியற்காலையில். வெயில் ஏறுமுன் வீட்டில் இருப்பாய். நம் மகளிடம் சொல்லி விளையாட்டை உன் போனில் ஏற்றிக்கொள். தெரியாதே என்று தயங்காதே, சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீ மைக்கைத் திறந்து வைத்து ஏதாவது பேசிக்கொண்டிரு.

சரக்கு வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன்
தனசீலன்